தம்பியைத் தூக்குகிறவள் மரம் ஏற மாட்டாளா?

போடிநாயக்கனூரில் விடியுமுன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சோதனைச் சாவடி தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறங்கி, பகலெல்லாம் செடியடியில் குந்திக் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள் அவர்கள். சென்ற காய் எடுப்புக் காலத்தில் ஒருநாள், எங்கள் தெருமுனையில் ஜீப் ஏறப்போன ஒரு பெண் தன் இடுப்பிலிருந்த இரண்டு வயதுப் பையனை எடுத்து மகளின் இடுப்பில் வைத்தாள். மகளுக்கு ஏழு வயது இருக்கலாம். “சூதானமாப் பாத்துக்க பாப்பா. அம்மாச்சி எந்திரிக்கிற வரைக்கும் அவனைக் கீழ விட்றாத” என்றாள். சிறுமி ஒரு பக்கமாக வளைந்து நின்றாள். பையனின் கால் அவள் முழங்கால் வரை தொங்கியது. ஜீப் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அதே சிறுமி தெருக்கோடி வேப்பமரத்தின் முதல் கவட்டில் உட்கார்ந்திருந்தாள். தரையிலிருந்து ஐந்தடி உயரம்கூட இருக்காது. ஜீப்பிலிருந்து இறங்கிய தாய் அதைப் பார்த்ததும் பதறிப்போனாள். “இறங்குடி! விழுந்து கைய கால ஒடச்சுக்கிட்டா யாரு பாக்குறது? பொம்பளப்புள்ளைக்கு மரத்துல என்ன வேலை?” சிறுமி இறங்கினாள். முதலில் வயிற்றை மரத்தோடு ஒட்டினாள். இடது காலால் துழாவி ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தாள். எடையை அதில் மாற்றிப் பார்த்தாள். பிறகுதான் மேல் கையை விட்டாள். பழகிய உடம்பு இறங்குகிற விதம் அது. தாயின் கண்ணில் அந்த இறக்கம் படவில்லை. மரமும் உயரமும் மட்டுமே பட்டன.

அந்தத் தாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலையில் அவளுக்கு வேறு வழியில்லை. மாலையில் அவளுக்குத் தெம்பில்லை. என் வீட்டிலும் இதுவேதான் நடந்தது, உங்கள் வீட்டிலும் நடக்கிறது. பத்துக் கிலோ தம்பியைத் தூக்குவாள் என்று நம்பிய கண், ஐந்தடி மரத்திலிருந்து இறங்குவாள் என்று நம்பவில்லை. ஒரே நாளில், ஒரே உடம்பைப் பற்றி நாம் சொன்ன இந்த இரண்டு கணக்குமே தப்பு. வேலை என்று வந்தால் பிள்ளையின் பலத்தைக் கூட்டிப் போடுகிறோம். விளையாட்டு என்று வந்தால் குறைத்துப் போடுகிறோம். ஏனென்றால் இரண்டு முறையும் நாம் அளந்தது பிள்ளையை இல்லை. முதலில் நம் தேவையை அளந்தோம், பிறகு நம் பயத்தை.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு சரிவை வைத்தே சோதித்திருக்கிறார்கள் என்பது மலையடிவாரத்து ஆளான எனக்குக் கூடுதல் நெருக்கம் தருகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற உளவியல் பேராசிரியர் குழந்தைகளின் தவழ்தலையும் நடையையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாய்வைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு பலகைப் பாதை. பதினொரு மாதக் குழந்தைகள். ஒவ்வொரு தாயிடமும் முதலில் கேட்டார்கள்: உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும்? தாய் ஓர் அளவைச் சொன்னார். சற்று நேரத்தில் குழந்தையை அதே பலகையில் விட்டுப் பார்த்தார்கள்.

ஆண் குழந்தைகளின் தாய்மார்கள் தம் பிள்ளையால் முடிவதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். பெண் குழந்தைகளின் தாய்மார்கள் முடிவதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். பலகையிலோ ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. இரு தரப்பும் ஒரே அளவு சரிவைத்தான் இறங்கின. பதினொரு மாதம், இரவும் பகலும், மடியிலும் தோளிலும் சுமந்த தாயின் கணக்கு இது. பெற்ற தாய்க்குத் தெரியாதா என்று நாம் கேட்போமே, அந்தக் கேள்விக்கு அந்தப் பலகை ஒரு பதில் சொன்னது. தாய்க்குத் தெரியும். ஆனால் தெரிந்ததன்மேல் ‘இவள் பெண்’ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடால்ஃபின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. தவழத் தொடங்கிய புதிதில் குழந்தை எந்தச் சரிவு என்றும் பார்க்காமல் பாய்கிறது. வாரங்கள் போகப் போக, தன்னால் முடிகிற சரிவு எது, முடியாத சரிவு எது என்று நுட்பமாகக் கண்டுகொள்கிறது; முடியாது என்றால் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது, அல்லது திரும்பிக் கால் முன்னாக வழுக்கி இறங்குகிறது. பிறகு அது எழுந்து நடக்கத் தொடங்கியதும், கற்ற அத்தனையும் போய்விடுகிறது. தவழ்ந்தபோது மறுத்த அதே சரிவில், நடக்கும்போது நேராக இறங்கி விழுகிறது. புது நடைக்குப் புதுக் கணக்கு. மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். ஆகவே ‘இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு முடியும்’ என்று ஒருமுறை அளந்து முடித்துவிட முடியாது. சென்ற மாதம் சரியாக இருந்த நம் கணக்கு இந்த மாதம் பொய்த்துப்போகும்.

விழுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள் தன்போக்கில் விளையாடும்போது எண்ணிப் பார்த்ததில், சராசரியாக மணிக்கு 2,368 அடி எடுத்துவைத்தன. மணிக்கு 17 முறை விழுந்தன. 2012-இல் வெளிவந்த எண்கள் இவை. அந்த 17 விழுதலையும் நாம் ‘இன்னும் நடை வரவில்லை’ என்று படிக்கிறோம். குழந்தை அப்படிப் படிப்பதில்லை. எழுந்து மறுபடி போகிறது. விழுகிற பிள்ளையைப் பார்த்து ‘முடியவில்லை’ என்று முடிவுகட்டுவதுதான் பெரியவர்கள் முதலில் செய்கிற தவறு.

அப்படியானால் யார்தான் சரியாக அளக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து, குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிகள். மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்காலுக்கு மேலே குழந்தையைக் குப்புறப் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல்நுனி வரை நீவிவிடும் அம்மாச்சியைப் பாருங்கள். அவர் வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை மட்டும் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும். “தலை நின்னுருச்சுடி, இன்னும் ரெண்டு வாரத்துல குப்புற விழுந்துருவான்” என்பார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். தினமும் அதே கழுத்தைத் தொட்டு, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் அறிந்த அளவு அது. எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையைப் பார்த்து அவர் சொல்லவில்லை.

எதிர்பார்ப்பும் கையும் சேர்ந்தால் குழந்தையின் உடம்பே கொஞ்சம் முன்பின்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் குடியேறிய ஜமைக்கா நாட்டுத் தாய்மார்கள், தம் குழந்தைகள் சீக்கிரம் உட்காரும், சீக்கிரம் நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்கேற்றபடி கை கால்களை நீவி இழுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். 1980-களின் இறுதியில் ஹாப்கின்ஸ், வெஸ்ட்ரா என்ற இருவர் ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகள் ஆங்கிலேயத் தாய்மார்களின் குழந்தைகளைவிட முந்தியே உட்கார்ந்ததும் நடந்ததும் தெரியவந்தது. பெரியவர்களின் கணிப்பு வெறும் கணிப்பாக நின்றுவிடுவதில்லை. அது பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பாகவோ கிடைக்காத வாய்ப்பாகவோ மாறிவிடுகிறது.

தமிழில் இந்தக் கவனிப்புக்கு ஓர் இலக்கிய வடிவமே உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பாட்டியல் இலக்கணம் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் அடுக்குகிறது. ஐந்தில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. ஒன்பதில் சப்பாணி: இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பதின்மூன்றில் வருகை: தளர்நடையாக நடந்து வருவது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவின்படி, குழந்தை தனியே நடப்பது 8.2 மாதத்துக்கும் 17.6 மாதத்துக்கும் இடையில். நம் புலவர்கள் வைத்த பதின்மூன்றாம் மாதம் அந்த இடைவெளியின் நட்டநடுவில் நிற்கிறது. தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வகுத்த இலக்கணம் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதே இலக்கணத்தில் ஒரு பிரிவினையும் இருக்கிறது. முதல் ஏழு பருவமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எட்டாவதில் பாதை பிரிகிறது. ஆண் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை கொட்டல், சிறுதேர் உருட்டல். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். குமரகுருபரர் பாடிய மதுரை மீனாட்சி எட்டுத் திக்கும் படைநடத்தி வென்றவள் என்பது புராணம். அவளுக்கும் பிள்ளைத்தமிழில் பறையும் தேரும் இல்லை, அம்மானையும் ஊஞ்சலும்தான். அம்மானையும் நீராடலும் எளிய விளையாட்டுகள் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்கும் கைக்கும் அம்மானையைவிட நல்ல பயிற்சி குறைவு. நான் சொல்வது, ஒன்றரை வயது ஆகுமுன்பே எது யாருக்கு முடியும், எது யாருக்குத் தகும் என்ற இரண்டு கேள்விகளையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம் என்பதை. வேப்பமரத்தடியில் அந்தத் தாய் கேட்ட கேள்வியும் அதுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த மலைச்சரிவில் குழந்தையின் பலத்தைக் கூட்டிப் போட்ட கதை நீளமானது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். ஆனால் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து புறப்படும் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும், காயெல்லாம் அதில்தான். பெரியவர்கள் குனிந்தும் குந்தியும் இடுப்பொடிய எடுக்க வேண்டும். என் அம்மா ஒன்பது வயதில் அம்மாச்சியோடு மலையேறியவர். “சின்னப்புள்ளைக்குக் குனியவே வேணாம், கையும் சின்னது, காய் நசுங்காது” என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்களாம். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! பிள்ளையின் உயரத்தை அளந்தவர்கள் அட்டையையும் பனியையும் வழுக்குப் பாறையையும் மாலையில் முதுகில் ஏறும் ஈரச் சாக்கையும் அளக்கவில்லை. அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிலேயே முழங்கால் போய்விட்டது. அறுபதில் கட்டிலிலிருந்து எழும்போதும் “அந்தச் சரிவு” என்றுதான் முனகினார்.

சட்டமும் ஒருகாலத்தில் பிள்ளையின் உடம்பை அளந்து சீட்டுக் கொடுத்திருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தோட்டத்துக்கும் பொருந்தியது. பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. பன்னிரண்டு நிரம்பிவிட்டால்? சான்றளிக்கும் மருத்துவர் பரிசோதித்து, வேலைக்குத் தகுதி என்று எழுதித்தர வேண்டும். அந்தச் சான்றிதழ் முதலாளியிடம் இருக்கும். அதைக் குறிக்கும் ஒரு வில்லையைப் பிள்ளை வேலை நேரத்தில் தன்னோடு வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக் குழந்தை, மலைச்சரிவில், ‘என் உடம்பு இதைத் தாங்கும்’ என்று பெரியவர்கள் கொடுத்த வில்லையோடு நிற்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிரிவை நீக்கியது. 2016-இல் செய்த திருத்தம் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவுவதை விதிவிலக்காக்கியது.

இங்கிலாந்தின் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குரிய சாதாரண பலமும் தோற்றமும் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் போதும், பிள்ளை நூற்பாலைக்குள் போகலாம். பிறப்புப் பதிவு இல்லாத காலம். உயரத்தைப் பார்த்து வயது சொன்னார்கள். 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரம் ஏமாற்றும், பல்லைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று புத்தகமே எழுதினார். நம் நாட்டில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுப் பிள்ளையை ஆலைக்குள் அனுமதித்தது. இத்தனை அளவுகோலும் பிள்ளைக்காக உண்டானவை இல்லை. ஆள் தேவைப்பட்ட இடத்தில் அளவுகோல் கீழே இறங்கியது, அவ்வளவுதான்.

இன்று ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பிள்ளைகளைத் தேடினால் கிடைப்பது அரிது. அதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் வேலை வீட்டுக்குள் வந்துவிட்டது. பெண்கள் ஐம்பது பேர் வேலைபார்க்கும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதே 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் தோட்டம் மலைமேல், கேரளத்தில். தாய் தினமும் ஜீப்பில் போய்வருகிறவள். பிள்ளை கீழே, போடியில். ஏலத்தோட்டங்களில் பல, சட்டத்தின் ஐந்து ஹெக்டேர் அளவுக்கு உள்ளே வராத சிறு தோட்டங்கள். அங்கன்வாடி திறக்கும் முன்பே ஜீப் கிளம்பிவிடுகிறது. அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஏழு வயதுச் சிறுமியின் இடுப்புத்தான் காப்பகம். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஜீப் கிளம்பும் ஊர்களில், காய் எடுக்கும் மாதங்களில் மட்டுமாவது, சில மையங்களை விடிகாலை ஐந்து மணிக்குத் திறக்கக் கூடாதா? கூடுதல் ஆளும் கூடுதல் சம்பளமும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அங்கன்வாடி ஊழியரின் பலத்தையும் நாம் கூட்டிப் போட்டுவிடக் கூடாது.

பள்ளிப் பையும் இதே கணக்கில் சேரும். நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது தன் முதல் பேச்சையே பிள்ளைகளின் புத்தகச் சுமைக்குக் கொடுத்தார். யஷ்பால் குழு 1993-இல் சுமையில்லாக் கல்வி என்று அறிக்கை தந்தது. தமிழ்நாடு 2012-13-இல் முப்பருவ முறையைக் கொண்டுவந்து பாடநூலை மூன்றாகப் பிரித்தது. பையின் எடையைப் பிள்ளையின் முதுகை வைத்து யோசித்த நல்ல முடிவு அது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பைச்சுமை குறைய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 2020-இல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்றது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ வரை. இவ்வளவுக்குப் பிறகும் காலையில் ஆட்டோவின் பின்கம்பியில் தொங்கும் பைகளில் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். தண்ணீர்ப் புட்டியும் சாப்பாடும் சேர்ந்து நம் கையே தாழும். கிராம் கணக்கில் ஏலக்காயை நிறுக்கும் ஊர் இது. தராசுக்கு இங்கே பஞ்சமில்லை.

மறுபக்கம், விளையாட்டில் நாம் குறைத்துப் போடும் கணக்கு. “ஓடாத, களைச்சுப்போயிருவ” என்று சொல்லாத பெற்றோர் உண்டா? பிரான்சின் கிளெர்மோன் ஒவேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களையும், பயிற்சியில்லாத பெரியவர்களையும், தேசிய அளவில் போட்டியிடும் தாங்குதிறன் விளையாட்டு வீரர்களையும் சைக்கிள் மிதிக்கவிட்டு ஒப்பிட்டார்கள். சிறுவர்களின் தசை களைப்பைத் தாங்கிய விதம் பயிற்சி பெற்ற வீரர்களுடையதைப் போலவே இருந்தது. இளைப்பாறி மீள்வதில் சிறுவர்கள் அவர்களையும் முந்தினார்கள். ஓடி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு அது. நீண்ட நேரம் அசையாமல் ஒரு சுமையைத் தாங்கி நிற்பதற்கு அமைந்ததில்லை. நாம் அதனிடம் சுமப்பதைக் கேட்கிறோம், ஓடுவதை மறுக்கிறோம்.

குரங்கணிக்கு மேலே முதுவாக்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முதுவர் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைப்பதில்லை, துணியால் முதுகில் கட்டிக்கொள்கிறார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால்தான் முதுவர் என்று பெயர் வந்தது என்று ஒரு வழக்கு அவர்களிடையே உண்டு. அந்த ஒற்றையடிப் பாதையில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் ‘பார்த்து, பார்த்து’ என்று கத்தவில்லை. ஓரிடத்தில் பாதை மழையில் அறுந்துகிடந்தது. முன்னால் போன பிள்ளை தானாகவே நின்றது, திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா வந்து கை கொடுத்தார், கடந்ததும் விட்டுவிட்டார். எங்கே கை வேண்டும், எங்கே வேண்டாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நகரத்திலிருந்து ஏறி வந்த பெரியவர்கள் நாங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்தே இறங்கினோம்.

இதைச் சொல்வதால் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளும் தங்களைக் கூட்டித்தான் போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி ப்ளூமெர்ட் என்பவர் 1995-இல் ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் எட்டிப்பிடிப்பது, தாண்டுவது போன்ற செயல்களைக் காட்டி, உன்னால் முடியுமா என்று கேட்டார். தங்கள் எல்லைக்குச் சற்று அப்பாலுள்ளதையும் முடியும் என்றே பிள்ளைகள் சொன்னார்கள். ஆறு வயதுக்காரர்களில், எட்டவே எட்டாததையும் முடியும் என்றவர்களுக்கு அதற்கு முன் அடிபட்ட கணக்கும் அதிகமாக இருந்தது. அதே ப்ளூமெர்ட் 2004-இல் திரையில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே சைக்கிளில் சாலையைக் கடக்கவைத்துப் பார்த்தார். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த அதே இடைவெளியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மிதித்துக் கிளம்பத் தாமதமானது. கடந்து முடிக்கும்போது வண்டி பக்கத்தில் வந்துவிட்டிருந்தது.

மரத்தைவிடச் சாலைக்கே நாம் அஞ்ச வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். மரத்தில் பிள்ளை தன் கையையும் காலையும் மட்டும் கணக்கிட்டால் போதும். தவறினால் உடம்பே உடனே சொல்லிவிடும். சாலையில் எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், முதல் தவறே கடைசித் தவறாகிவிடலாம். போடிக்குள் வரும் தேசிய நெடுஞ்சாலையில், மாலை ஐந்து மணிக்கு மலையிறங்கும் ஜீப்புகளுக்கு நடுவே, எட்டு வயது அண்ணன் ஐந்து வயதுத் தங்கையின் கையைப் பிடித்துக் கடப்பதைத் தினமும் காண்கிறேன். “அவன் கூட்டிட்டு வந்துருவான்” என்கிறோம். அந்தப் பொறுப்பை எட்டு வயதுக் கண்ணிடம் கொடுக்கக் கூடாது. பள்ளி விடும் நேரத்தில் அந்த இடங்களில் பெரியவர் ஒருவர் நின்றாக வேண்டும். மரம் ஏறும் மகளைத் தடுத்துவிட்டு, சாலை கடக்கும் மகனை நம்புகிறோமே, இதைத்தான் தலைகீழாக்க வேண்டும்.

சக்கர வாக்கரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் தானே நின்றால்தான் வண்டி நகரும். பிடித்தால் நடக்கும், விட்டால் உட்காரும். பிளாஸ்டிக் வாக்கரில் குழந்தையை நடுவில் தொங்கவிடுகிறோம். தன்னால் நிற்கவே முடியாத பிள்ளைக்கு ஓடுகிற வேகம் வந்துவிடுகிறது. படிக்கட்டு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. கனடா 2004-லேயே இந்த வாக்கரை விற்கவே தடைபோட்டது. வாசலில் நாலு படி இறங்கினால் தெரு என்று இருக்கும் நம் வீடுகளில் இதைச் சீராகக் கொண்டுவந்து கொடுக்கும் தாய்மாமன்களுக்கு ஒரு வேண்டுகோள்: நடைவண்டி வாங்கிக்கொடுங்கள்.

போடி ஏலக்காய் ஏல மையத்தில் வியாபாரிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் அவர்கள் கைக்கு வரும். உள்ளங்கையில் கொட்டி, விரலால் புரட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உரித்து விதை பார்த்து, அப்புறம்தான் விலை போடுவார்கள். காயைப் பார்க்காமல் விலை சொன்ன ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. வீட்டிலுள்ள பிள்ளைக்கும் அந்தக் கவனத்தைக் கொடுங்கள் என்பதே நான் கேட்பது.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஜீப்புகள் ஓடுவதில்லை. அன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கொட்டகுடி ஆற்றங்கரையோ, பரமசிவன் மலையடிவாரமோ, பக்கத்து மண்மேடோ, கூட்டிப்போய் ஏறவிடுங்கள். மகனையும் மகளையும் ஒன்றுபோல ஏறவிடுங்கள். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள், ஆனால் பேசாதீர்கள். கால் எங்கே தேடுகிறது, எங்கே நிற்கிறது, எதைப் பார்த்துத் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த மாதம் மறுபடி பாருங்கள், மாறியிருக்கும். இன்று இரவு பள்ளிப் பையைத் தராசில் வைத்துப் பாருங்கள். நாளைக் காலை தம்பியை அவள் இடுப்பில் வைக்கும் முன், அவளை ஒருமுறை நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியுமா என்று கேட்காதீர்கள். ‘முடியும்மா’ என்றுதான் அவள் சொல்வாள்.